காஞ்சி தந்த கவியாசான்: தண்டியின் வரலாறு

எழுத வேண்டும், எழுதியது அச்சேறி நாலு பேர் கையில் உலவ வேண்டும் என்னும் ஆவல் நமது வாலிபர்களிடையே பெருகி வருகிறது. இது மகிழத் தக்கதே. ஆனால் இந்த ஆவலோடு ஓர் ஐயமும் கூடவே வளர்கிறது. எழுத்துத் திறமை பிறவியிலேயே வாய்க்க வேண்டிய வரமா, அன்றி உழைப்பினால் ஈட்டக் கூடிய பொருளா என்பதே அந்த ஐயம். வரம் என்று நம்புகிறவன் முதல் தோல்வியிலேயே பேனாவைக் கீழே வைத்து விடுகிறான். உழைப்பு மட்டும் போதும் என்று நம்புகிறவன் நல்லதையும் தீயதையும் பகுத்தறியாமல் காகிதத்தை நிரப்பிக் கொண்டே போகிறான். இவ்விருவருக்கும் ஏறக்குறைய 1,300 வருஷங்களுக்கு முன்னரே நமது காஞ்சீபுரத்தில் ஒருவர் விடை கூறியிருக்கிறார். அவரே தண்டி என்னும் மஹாகவி. அவருடைய வரலாற்றை அறிவது எழுத விரும்பும் ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

தண்டியின் பிறந்த வருஷத்தையோ மறைந்த வருஷத்தையோ குறிக்கும் சாஸனம் எதுவும் இல்லை. 7-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவர் வாழ்ந்தார் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அவர் தம் குடும்ப வரலாற்றைத் தாமே அவந்திஸுந்தரி என்னும் வசன காவியத்தின் முகப்பில் சொல்லி வைத்தார். அந்த நூல் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. 1924-ம் வருஷம் ராமகிருஷ்ண கவி என்னும் பண்டிதர் கிடைத்த பகுதியைச் சென்னையிலிருந்து அச்சிட்டார். பின்னர் 1954-ம் வருஷம் திருவனந்தபுரத்தில் அதனினும் விரிவான பதிப்பு வெளிவந்தது. அதன் பின்னரே தண்டி காஞ்சியைச் சேர்ந்தவர் என்பது உறுதிப்பட்டது. ஓலைச் சுவடியைக் காத்தவர்களுக்கும், அதைத் தேடி அச்சேற்றியவர்களுக்கும் தமிழ்நாடு கடமைப்பட்டிருக்கிறது.

அந்நூல் கூறும் குடும்பக் கதையே, பெயர் அறியப்படாத எழுத்தாளன் ஒருவன் புகழ் பெற்ற விதத்தைக் கூறுவதாக அமைந்திருக்கிறது. தண்டியின் முன்னோர் வடமேற்கே ஆனந்தபுரத்திலிருந்து புறப்பட்டு, விதர்ப்ப தேசத்து அசலபுரத்தில் குடியேறினர். அக்குடியில் பிறந்தவர் தாமோதரர். அவர் தண்டியின் கொள்ளுப் பாட்டனார். பாரவி என்னும் பெருங்கவியின் நட்பினால் தாமோதரருக்கு ஓர் இளவரசனின் பழக்கம் ஏற்பட்டது. அவ்விளவரசனோடு வேட்டைக்குச் சென்ற இடத்தில் குலவழக்கத்துக்கு மாறாகப் புலால் உண்ண நேர்ந்தமையால், அதற்குக் கழுவாய் தேடித் தீர்த்த யாத்திரை கிளம்பினார். பிறகு கங்க மன்னன் துர்விநீதனிடம் தங்கியிருந்தார். அந்நாளில் காஞ்சியில் பல்லவன் ஸிம்மவிஷ்ணு அரசு புரிந்தான். அவனுடைய சபைக்கு வந்த பாடகன் ஒருவன் நரஸிம்மரைத் துதிக்கும் செய்யுள் ஒன்றைப் பாடினான். அரசன் அதன் சுவையில் ஈடுபட்டு, இயற்றியவர் யார் என்று விசாரித்தான். தாமோதரர் என்று அறிந்ததும் ஆளனுப்பி அவரைக் காஞ்சிக்கு வரவழைத்துக் கொண்டான்.

இதிலே நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. தாமோதரர் காஞ்சியின் அரண்மனை வாயிலில் காத்துக் கிடக்கவில்லை. அவருக்கு முன்னால் அவருடைய செய்யுள் அங்கே போயிற்று. யாரோ ஒருவன் அதை விரும்பி மனப்பாடம் செய்திருந்தான். விரும்பிய காரணத்தினாலேயே வேற்றூரில் பாடினான். அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் பிரசுரம் என்பது இதுவே. ஒரு வாய் மறு வாய்க்குச் சொல்லவும், ஓர் ஓலை மறு ஓலையில் பெயரவும் தகுதி பெற்ற எழுத்தே பிழைத்தது. இன்று முறை மாறியிருக்கிறது, விதி மாறவில்லை.

தாமோதரரின் மகன் மனோரதர். அவருடைய மக்களில் ஒருவர் வீரதத்தர். வீரதத்தருக்கும் கௌரி என்னும் அம்மையாருக்கும் பிறந்தவரே தண்டி. காஞ்சி அந்நாளில் கல்விக்குப் பேர் பெற்ற நகரம். அதற்கு முன்னூறு வருஷங்களுக்கு முன்பே கதம்ப மயூரசர்மன் வேதம் பயில்வதற்காக இந்நகரத்துக் கடிகையை நாடி வந்தான். சுமார் 640-ம் வருஷத்தில் சீன யாத்திரிகர் ஹ்யூன் ஸாங்கும் இங்கு வந்து சென்றார். இத்தகைய நகரத்திலே, புலவர் குடியிலே பிறந்த சிறுவனுக்கு எல்லாம் எளிதாய் அமைந்திருக்கும் என்று நாம் நினைக்கலாம். அவ்வாறு அமையவில்லை. சிறு பிராயத்திலேயே தாயையும் தந்தையையும் இழந்து தனியனாக நின்றார். அதன் மேல் நாட்டுக்கே ஆபத்து வந்தது. பகைவர் படையெடுப்பால் காஞ்சி நிலைகுலைந்தது. பஞ்சமும் குழப்பமும் பரவின. இது சாளுக்கிய முதலாம் விக்ரமாதித்தனின் படையெடுப்பாக இருக்கலாம் என்று சரித்திரகாரர் பலர் கருதுகின்றனர். அம்மன்னன் 674-ம் வருஷம் காவிரிக் கரையில் உறையூர் வரை வந்து பாசறை அமைத்திருந்ததை அவனது கத்வால் செப்பேடு காட்டுகிறது.

தண்டி ஊரை விட்டு வெளியேறினார். பல தேசங்களில் அலைந்தார். பல ஆசிரியர்களிடம் கற்றார். நாட்டில் அமைதி திரும்பிய பின்னரே காஞ்சிக்கு மீண்டார். பெற்றோரும் உடைமையும் இல்லாத அவருக்குக் கல்வி ஒன்றே துணையாக நின்றது. பிற்காலத்தில் கவித்துவத்துக்குக் காரணம் எது என்று ஆராய்ந்தபோது கல்விக்கும் இடைவிடாத முயற்சிக்கும் அவர் பெரிய இடத்தைக் கொடுத்தார். அது ஏட்டிலிருந்து எடுத்த கொள்கை மட்டுமன்று. சொந்த வாழ்க்கையில் அவர் கண்டறிந்த உண்மையும் ஆகும்.

காஞ்சிக்குத் திரும்பிய பின் நிகழ்ந்ததாக அவந்திஸுந்தரி ஒரு சம்பவத்தை வருணிக்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் பள்ளி கொண்டிருக்கும் திருமாலின் விக்கிரகத்தில் ஒரு கை உடைந்து போயிற்று. லலிதாலயர் என்னும் ஸ்தபதி அதைப் பழுது பார்த்து இணைத்தார். தாம் செய்த வேலை செவ்வையாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுமாறு தண்டியை அழைத்தார். தண்டி நண்பர்களோடு சென்று பார்த்து, இணைப்புத் தெரியாத அந்த வேலையைக் கண்டு வியந்தார். இந்த லலிதாலயர் தமிழில் சூத்திரகன் கதையை இயற்றியவர் என்றும் அந்நூல் தெரிவிக்கிறது. சிற்பத் தொழிலாளி காவியம் செய்தார். காவியப் புலவர் சிற்பத்தைச் சீர்தூக்கினார். தமிழும் வடமொழியும் ஒரே நகரத்தில் ஒன்றையொன்று மதித்து வாழ்ந்தன. கைலாஸநாதர் கோயில் எழுந்ததும் அக்காலத்தை ஒட்டியே என்பதை எண்ணும்போது, கலைஞர்கள் கூடிப் பழகிய அந்தக் காஞ்சியின் தோற்றம் நம் கண் முன் வருகிறது.

தண்டியின் பெயரால் வழங்கும் நூல்கள் மூன்று. அவற்றுள் அவந்திஸுந்தரி முழுமையாகக் கிடைக்கவில்லை. தசகுமார சரிதம் என்பது பத்து வாலிபர்களின் அநுபவங்களைக் கூறும் கதை. அதன் தலையும் வாலும் சிதைந்து போக, பிற்காலத்தார் அவற்றை எழுதி நிரப்பினர். அது அவந்திஸுந்தரியின் ஒரு பகுதியாகவே இருக்கலாம் என்பது பல ஆராய்ச்சியாளரின் அபிப்பிராயம். மூன்றாவது காவ்யாதர்சம், காவியத்தின் கண்ணாடி என்பது அப்பெயரின் பொருள். முதல் இரண்டும் அவர் எழுதிக் காட்டியவை. மூன்றாவது எழுதும் வகையைக் கற்பித்தது.

எழுதிக் காட்டியதில் தண்டியின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு சான்று போதும். தசகுமார சரிதத்தின் ஒரு கிளைக் கதையில் காஞ்சி வணிகன் மகன் சக்திகுமாரன் பெண் தேடிப் புறப்படுகிறான். மடியில் கொஞ்சம் நெல்லைக் கட்டிக் கொண்டு, அந்த நெல்லை மட்டும் கொண்டு முழு விருந்து சமைக்கத் தெரிந்தவளையே மணப்பது என்று ஊர் ஊராய்த் திரிகிறான். கடைசியில் காவிரிக் கரையில், செல்வம் இழந்த குடியிலே பிறந்த கோமினி என்பவள் அதற்கு இசைகிறாள். அவள் நெல்லை உலர்த்தி, உமி நொறுங்காதபடி மெல்லக் குத்துகிறாள். நகைகளை மெருகிட உதவும் என்று அவ்வுமியைத் தட்டார்களுக்கு விற்கச் சொல்லி, அந்தக் காசில் விறகும் சட்டியும் வாங்குகிறாள். சோறு வெந்ததும் நெருப்பை அவித்து, எஞ்சிய கரியை விற்றுக் காய்கறியும் நெய்யும் தயிரும் புளியும் தருவிக்கிறாள். முதலில் கஞ்சி, பிறகு நெய்யும் குழம்பும் சேர்ந்த சோறு, பின்னர் தயிரும் மோரும் என்று வரிசையாகப் பரிமாறுகிறாள். சக்திகுமாரன் அவளையே மணந்து கொள்கிறான்.

இக்கதையில் தேவர்களும் இல்லை, அற்புதங்களும் இல்லை. கோமினி நல்லவள், கெட்டிக்காரி என்று ஆசிரியர் ஓரிடத்திலும் பிரசங்கம் செய்து நம்மைக் களைப்படையச் செய்வதில்லை. அவளுடைய கை என்ன செய்தது என்பதை மட்டும் காட்டுகிறார். குணம் தானே விளங்குகிறது. அடுப்பங்கரையைக் கூர்ந்து நோக்காத ஒருவர் இதை எழுதியிருக்க முடியாது. சூதாடிகள், கள்வர்கள், வணிகர்கள், கணிகையர் என்று பலதரப்பட்ட மனிதர்கள் அந்நூலில் உலவுகின்றனர். ஊர் ஊராய் அலைந்த காலம் அவருக்கு வீணாகவில்லை. எழுதுவதற்கு விஷயம் இல்லை என்று குறைபடும் வாலிபர்கள் தம் வீட்டுச் சமையலறையையும் தெருவையும் ஒரு நாள் முழுதும் கவனித்துப் பார்ப்பார்களாக.

அதே நூலின் இன்னொரு பகுதி பயிற்சியின் எல்லையைக் காட்டுவது. மந்திரகுப்தன் என்பவன் தன் கதையைச் சொல்ல வருகிறான். அவனுடைய உதட்டில் காதலி ஏற்படுத்திய காயம். உதடு ஒட்டினால் வலிக்குமாகையால், உதடு கூடிப் பிறக்கும் எழுத்து ஒன்றும் இல்லாமலே தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறான். தமிழில் இதை நிரோட்டம் என்பர். வெறும் வித்தையாக நின்றுவிடக் கூடியதைக் கதையின் நிகழ்ச்சியோடு பிணைத்துக் காரணம் காட்டியதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது. வடமொழிப் புலவர்கள் சொல்லழகுக்குத் தண்டியையே எடுத்துக் காட்டி வந்தமை வியப்பன்று.

இனி, அவர் கற்பித்ததைப் பார்ப்போம். காவ்யாதர்சம் சற்றேறக்குறைய 660 சுலோகங்கள் கொண்ட சிறிய நூல். பெரும்பாலான சுவடிகளில் மூன்று பகுதிகளாகக் காணப்படும். முதற் பகுதி காவியத்தின் வகைகளையும், எழுதும் நெறிகள் இரண்டையும், அவற்றின் பத்துக் குணங்களையும் கூறுகிறது. இரண்டாவது 35 பொருளணிகளை விளக்குகிறது. மூன்றாவது மடக்கு, சித்திரகவி, 16 வகை விடுகதை, நீக்க வேண்டிய பத்துக் குற்றங்கள் ஆகியவற்றை உரைக்கிறது. விடுகதைகளுக்குக் காட்டும் உதாரணங்களில் ஒன்று நடுவே மெல்லெழுத்தும் சுற்றிலும் நான்கு எழுத்துக்களும் உடைய நகரத்தையும், எட்டு எழுத்துப் பெயர் கொண்ட அரசர்களையும் மறைத்துச் சொல்கிறது. நகரம் காஞ்சி, அரசர் பல்லவர். பிறந்த ஊரின் பெயரை இவ்வாறு விளையாட்டாகத் தம் நூலுக்குள் பொதிந்து வைத்தார்.

கவித்துவத்துக்குக் காரணமாக அவர் மூன்றைக் கூறுகிறார். இயல்பான பிரதிபை முதலாவது. பரந்த, மாசற்ற கல்வி இரண்டாவது. தளராத பயிற்சி மூன்றாவது. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அது சாஸ்திரம் மட்டுமாக இருந்திருக்கும். முன்வினைப் பயனாக வரும் பிரதிபை இல்லாதவனும் சோர்வடைய வேண்டுவதில்லை, கேள்வியாலும் முயற்சியாலும் வழிபட்டால் வாக்கின் தேவி அவனுக்கும் ஓரளவு அருள் செய்வாள் என்று அடுத்தபடியே உறுதி கூறுகிறார். கவித்துவம் மெலிந்தவனும் உழைத்தால் அறிஞர் சபையில் கூச்சமின்றி உலவலாம் என்பது அவருடைய முடிபு. பிரதிபையின் பெருமையை அவர் குறைக்கவில்லை. அது இல்லை என்பதைச் சோம்பலுக்குச் சாக்காகக் கொள்ள விடவுமில்லை.

உழைப்புக்கு இடம் கொடுத்தவர் அசட்டைக்கு இடம் கொடுக்கவில்லை. அழகிய உடம்பையும் ஒரே ஒரு வெண்குஷ்டப் புள்ளி கெடுத்து விடுவது போல, நூலில் உள்ள சிறு குற்றமும் முழுவதையும் கெடுக்கும் என்று எச்சரிக்கிறார். சொல்லைச் செவ்வையாக ஆள்பவனுக்கு அது காமதேனு. தவறாக ஆண்டால் ஆண்டவனையே மாடாக்கிக் காட்டும் என்பது அவருடைய கருத்து. குணங்களில் தெளிவு, இன்பம், செறிவு முதலியவற்றை விளக்கி, ஒன்றன் தொழிலை மற்றொன்றின் மேல் ஏற்றிக் கூறும் சமாதி என்பதைக் கவிதையின் செல்வமாகப் போற்றுகிறார். ஆயினும் எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. கரும்பு, பால், வெல்லம் மூன்றும் இனிப்பே. ஆனால் அவற்றின் வேறுபாட்டைக் கலைமகளாலும் சொல்லி முடியாது. கவிகளின் நடையும் அப்படிப்பட்டதே என்கிறார். இலக்கணத்தைக் கற்பித்தவரே ஒவ்வொருவருக்கும் சொந்தக் குரல் உண்டு என்று ஒப்புக் கொண்டது பெரிய காரியம்.

இந்தச் சிறு நூல் அடைந்த புகழ் ஆச்சரியமானது. 9-ம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் சபையில் எழுந்த கன்னட நூலாகிய கவிராஜமார்க்கம் தண்டியைத் துணையாகக் கொண்டது. ஆனால் அது வெறும் பெயர்ப்பாக நிற்கவில்லை. காவிரி முதல் கோதாவரி வரை கன்னட நாட்டின் எல்லையைக் குறித்து, அந்நாட்டு மக்களின் மொழித் திறனையும் புகழ்ந்தது. இலங்கையில் சிங்கள மொழியின் மிகப் பழைய அணி நூலாகிய ஸியபஸ்லகர தண்டியைத் தழுவியதே. 10-ம் நூற்றாண்டில் இலங்கையைச் சேர்ந்த ரத்னஸ்ரீஞானர் என்னும் பௌத்த பிக்ஷு காவ்யாதர்சத்துக்கு உரை எழுதினார். 13-ம் நூற்றாண்டில் திபெத் மொழியில் அது முழுதும் பெயர்க்கப்பட்டு, மடங்களில் பாடமாயிற்று. ஐந்தாம் தலாய் லாமாவும் அதற்கு உரை வகுத்தார். காஞ்சியின் கருத்து இமயத்துக்கு அப்பாலும் சென்று வேரூன்றியது. அதற்கு வாளோ படையோ தேவைப்படவில்லை.

தமிழகம் மட்டும் பின்தங்கவில்லை. 11-ம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் பெயரால் புத்தமித்திரர் செய்த வீரசோழியத்தின் அலங்காரப் பகுதி தண்டியையே பின்பற்றியது. அடுத்த நூற்றாண்டில் தண்டியலங்காரம் என்னும் தமிழ் நூல் தோன்றியது. அதை இயற்றியவரும் தண்டி என்றே அழைக்கப்படுவதால் இருவரையும் ஒருவராக மயங்குவோர் உண்டு. தமிழ் நூலின் உதாரணச் செய்யுட்களில் அனபாய சோழன் பேசப்படுவதைக் கொண்டு அதன் காலத்தை அறியலாம். பெருங்காப்பியத்துக்கு நாம் இன்றும் கூறும் இலக்கணம் அந்நூலிலிருந்து வந்ததே. நெறி வெளியிலிருந்து வந்தாலும் சொல்லும் உதாரணமும் தமிழாகவே அமைந்தன. பிறரிடமிருந்து கற்பது அடிமைத்தனமன்று. கற்றதைத் தன் மொழியில் தன்னதாக்கிக் கொள்ளாமல் விடுவதே அடிமைத்தனம்.

காஞ்சிக்கே அந்தக் கடன் திரும்பி வந்த விதமும் கேட்கத் தக்கது. குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற் செய்யுளின் முதற் சொற்புணர்ச்சியிலேயே ஆக்ஷேபம் எழுந்தது என்றும், அதற்கு விதி வீரசோழியத்தில் உண்டு என்று காட்டிய பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்றும் மரபு கூறும். அரங்கேற்றம் என்பது அக்காலப் பிரசுர முறை. நூலாசிரியன் அறிஞர் முன் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்தக் கண்டிப்பான சபை இல்லை. கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பும் பத்திராதிபர் மீது கோபம் கொள்ளும் இளைஞர்கள் இதைச் சிறிது சிந்திக்க வேண்டும். ஆக்ஷேபத்துக்கு அஞ்சாமல், ஆதாரம் தேடிப் பதில் சொல்லும் எழுத்தே நிலைக்கும்.

தண்டியின் நூல்களுக்கு நேர்ந்த கதியில் இன்னொரு படிப்பினையும் இருக்கிறது. அவர் பெரிதென்று கருதி முயன்ற அவந்திஸுந்தரி ஏறக்குறைய அழிந்தே போயிற்று. மாணவர்களுக்குப் பயன்பட்ட காவ்யாதர்சமோ எண்ணற்ற கைகளால் பிரதி செய்யப்பட்டுப் பிழைத்தது. 1863-ம் வருஷம் அது கல்கத்தாவில் அச்சேறியது. 1890-ல் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு லைப்ஸிக் நகரிலும் வெளியாயிற்று. எந்த நூல் நிற்கும் என்பது ஆசிரியன் கையில் இல்லை. படித்தவனுக்குப் பயன் தந்ததா என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது.

இன்றும் காஞ்சியின் வீதிகளில் தறியோசை கேட்கிறது. கோர்வைச் சேலை நெய்வதற்கு மூன்று நாடாவும் இரண்டு பேருடைய கையும் வேண்டும்; உடலும் கரையும் சேரும் இடத்தில் ஓர் இழை பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்து விடும். அந்தக் கை பிறவியில் வந்ததா என்று எந்த நெசவாளரும் ஆராய்ந்து கொண்டிருப்பதில்லை. சிறு வயது முதல் தறியில் உட்கார்ந்து வந்தது என்றே சொல்வர். தண்டி எழுத்துக்குக் கூறிய நெறியும் அதுவே. பழைய அரசர்களின் புகழ், அவர்கள் மறைந்த பின்னும் சொல்லாகிய கண்ணாடியில் மறையாமல் நிற்கிறது என்று அவர் கருதினார். பல்லவர் அரசு போயிற்று. சாளுக்கியர் படையும் போயிற்று. தேசத் தொண்டில் ஈடுபட்டவர்கள் துண்டுப் பிரசுரம் எழுதினாலும் காவியம் எழுதினாலும், நாளைய மக்கள் தங்களைப் பார்க்கும் கண்ணாடியைத் தாங்களே துலக்குகிறார்கள் என்பதை மறவாதிருப்பார்களாக. ஆழ்ந்து கற்று, கூர்ந்து நோக்கி, நாள்தோறும் எழுதி, எழுதியதைத் தயையின்றித் திருத்துகிறவர்களுக்குத் தண்டியின் ஊரில் மட்டுமன்று, எவ்வூரிலும் இடம் உண்டு.